வலி நின்ற மதியம்

கண்ணு,

மேசையின் மேல் நீ வைத்துவிட்டுப் போன படிவத்தை நான் படித்துவிட்டேன். படிக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாயே, அதைத் தேடும்போது கையில் வந்தது. கென்யாவில் நீ சேரப்போகும் ஆடைத் தொழிற்சாலை கேட்டிருக்கும் உடல்நலப் படிவம். நான்கு பக்கத்தையும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருக்கிறாய். தந்தை இறந்த காரணம் என்ற இடத்தில் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்தில், இதற்கு முன் உங்களுக்குக் கடுமையான வயிற்றுவலி வந்து சிகிச்சை எடுத்தது உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் பொய். முதலாவது பொய் என்று உனக்குத் தெரியாது. அதை உனக்குச் சொன்னவள் நான். இரண்டாவது உனக்கே தெரியும்.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். நீ விமானம் ஏற இன்னும் எட்டு நாள் இருக்கிறது, ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ "ஒண்ணுமில்லீங்கம்மா" என்பாய். அந்த ஒரு சொல்லில் நான் நின்றுவிடுவேன். நான் அப்படித்தான் வளர்ந்தேன், அப்படித்தான் வாழ்ந்தேன். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது, அடுத்தவர் மறைப்பதைக் கிளறக் கூடாது என்பதை ஒரு நல்ல குணமாகவே நினைத்திருந்தேன். முந்தாநாள் உன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் வலி மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. பத்தில் ஆறு இல்லை. அதை எடுத்து மேசையில் வைத்தேன், நீ பார்த்தாய், நானும் பார்த்தேன். இன்று காலை இரண்டு இட்லியைத் தட்டில் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு, அவிநாசிக்குப் போய் சூட்கேஸ் வாங்கி வருகிறேன் என்று நண்பனோடு கிளம்பிப் போய்விட்டாய். வண்டியில் ஏறும்போது இடது கையால் வயிற்றின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாய். உன் அப்பாவும் இடது கையால்தான் பிடிப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா மாரடைப்பில் சாகவில்லை. அப்போது உனக்கு எட்டு வயது. வலதுபக்க அடிவயிற்றில் நம் எல்லோருக்கும் ஒரு வால் இருக்கிறது, சுண்டுவிரல் நீளத்துக்கு. குடல்வால் என்பார்கள், ஊரில் அப்பெண்டிஸ் என்பார்கள். அது வீங்கும், பழுக்கும், வெடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது ஒரு கயிறாகவும் ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கயிறுதான் உன் அப்பாவைக் கொன்றது. அந்தக் கயிற்றை அவிழ்க்க இருந்த நேரத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து வீணாக்கினோம். அதில் என் பங்கு எவ்வளவு என்பதை உனக்குச் சொல்லாமல் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

அவரைப் பற்றி உனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான் என்று எனக்குத் தெரியும். நம் ஷெட்டில் எட்டு பின்னல் மெஷின் ஓடும்போது ஒன்பதாவது மெஷின் மாதிரி நடுவில் நிற்பார். பின்னல் மெஷினில் ஒரு நூல் அறுந்தால் மேலே சிவப்பு விளக்கு எரியும், மெஷின் தானாக நின்றுவிடும். போய் நூலை முடிந்து மறுபடி ஓட்ட வேண்டும். அவசர ஆர்டர் வந்தால் ஆட்களுக்குப் பொறுமை இருக்காது. விளக்குக்குப் போகும் சென்சாரைக் கட்டிப்போட்டு விடுவார்கள். மெஷின் நிற்காது, விளக்கும் எரியாது, துணி கொட்டிக்கொண்டே இருக்கும். ரோலை விரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும், நெடுக ஓட்டை விழுந்திருப்பது. ஒருமுறை நம்மிடம் மெஷின் ஓட்டும் சுடலை மாமா இப்படிச் செய்து மாட்டிக்கொண்டார். உன் அப்பா கத்தவில்லை. அந்த ரோலைத் தூக்கி அவர் தோளில் போட்டு, "லைட்டைக் கொன்னுபோட்டு ஓட்டுனீன்னா துணி வராது சுடலை, வலைதான் வரும். கொண்டுபோய் உங்க ஊரு கடல்ல மீன் புடி" என்றார். "எங்க ஊர்ல இருந்து கடலுக்கே ரெண்டு பஸ்ஸு மாறணும் அண்ணாச்சி" என்றார் அவர். ஷெட்டே சிரித்தது. அப்படிப்பட்ட உன் அப்பா தன் உடம்பின் விளக்கை மட்டும் தானே கட்டிப்போட்டுக்கொண்டார்.

முதல் வலி வந்தது அந்த வருடம் சித்திரையில். வலப்பக்கம் குத்தல், லேசான காய்ச்சல். பெருமாநல்லூர் மெயின் ரோட்டில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். குடல்வால் வீக்கம் மாதிரி இருக்கிறது, ஊசி மருந்தில் அடங்கினாலும் பிறகு ஸ்கேன் எடுத்து அறுவை நிபுணரைப் பார்த்துவிடுங்கள் என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். ஐந்து நாள் ஊசி, மாத்திரை. மூன்றாம் நாளே வலி போய்விட்டது. ஸ்கேனுக்குப் போகலாமா என்று கேட்டேன். "ஷிப்மெண்ட் முடியட்டும் அம்முணி" என்றார். ஒரு ஷிப்மெண்ட் முடிந்தால் அடுத்தது இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். நான் இன்னொரு முறை கேட்கவில்லை. இதைப் படிக்கும்போது உனக்கு உன் பாலிடெக்னிக் ஹாஸ்டல் நினைவுக்கு வர வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் உனக்கும் அதே வலப்பக்கம், அதே ஐந்து நாள் ஊசி, ஆறு வாரம் கழித்து ஸ்கேனுக்கு வரச்சொன்ன அதே பேச்சு. நீ பரீட்சை என்றாய். நான் சரி என்றேன். ஒருமுறை பட்டவள் மறுமுறையும் சரி என்றேன். அதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. உன் வலி நின்றதும், கேட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, துணி ரோல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். உன் அப்பா ரோல் மேல் உட்கார மாட்டார், மற்றவர்களையும் உட்கார விட மாட்டார். "என்னுங்க?" என்று கேட்டேன். "ஒன்பதாவது மெஷின் ரிப்பேரு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். அந்த வலி தொடர்ந்து இருக்கவில்லை. வந்து முறுக்கும், முகம் வெளுக்கும், பிறகு விட்டுவிடும். விட்ட நேரத்தில் எழுந்து போய் மெஷினைப் பார்ப்பார். சோடா குடித்தார், வாந்தி எடுத்தார். மாலையில் அதே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அன்று பெரிய டாக்டர் இல்லை, புதிதாக வந்த ஓர் இளைஞர் இருந்தார். நிதானமாகத்தான் பார்த்தார். "வயித்துல ஏற்கெனவே ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம், அது உண்மை. "இந்த மாதிரி வலி இதுக்கு முன்னாடி வந்திருக்கா?" என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஆமாம் என்றால் அட்மிட் பண்ணுவார்கள், சனிக்கிழமை துணி போகாது, ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடும். டாக்டரும் என் பக்கம் திரும்பினார்.

"இல்லீங்க" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசிய சொற்களில் திருப்பி வாங்க முடிந்தால் வாங்க நினைப்பது அந்த ஒன்றைத்தான். ஓர் ஊசி போட்டார். காலைக்குள் சரியாகவில்லையென்றால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நாங்கள் சொன்னதை வைத்துத்தானே அவர் பார்க்க முடியும்?

வெள்ளிக்கிழமை காலையில் வயிறு தம்பட்டம் மாதிரி உப்பியிருந்தது. மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. வாந்தி பச்சையாக வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நான் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது உன் அத்தை வந்துவிட்டார். அப்பாவின் அக்கா, தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கூடவே சேவூரிலிருந்து குடல் தட்டுகிற பெரியவரையும் காரில் கூட்டிவந்திருந்தார். நம் பக்கத்தில் வயிற்றுவலி, வாந்தி என்றால் குடல் ஏறிக்கொண்டது என்று சொல்லி, விளக்கெண்ணெய் தடவி நீவி இறக்குவது உனக்கும் தெரிந்ததுதானே. அந்தப் பெரியவர் கையால் எத்தனையோ குழந்தைகளுக்கு வயிற்றுவலி நின்றிருக்கிறது. உனக்கே ஒருமுறை நின்றது. அதனால்தான் யாருக்கும் பயம் வரவில்லை.

"இவ என்ன, எந்தம்பி வகுத்துக்கு உப்புமா உப்புமாவாப் போட்டு நெப்பியிருப்பா. புஸ்தகத்தைப் பாத்துட்டே கிண்டுனா அப்பறம் எப்படி இருக்கும்?" என்றார் அத்தை.

"அக்கா, சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது" என்றார் உன் அப்பா.

பெரியவர் தொப்புளைச் சுற்றி விரலை வைத்துப் பார்த்தார். "நல்லா ஏறிக்கெடக்குது சாமி. மூணு இழுப்புல எறக்கிப்போடலாம். பல்லைக் கடிச்சுக்க" என்றார். நீவினார், அழுத்தினார், பக்கவாட்டில் பிடித்து உதறினார். முதல் இழுப்பில் உன் அப்பா கத்தினார். இரண்டாவதில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதில் சத்தமே வரவில்லை. அவர் குடிக்க விளக்கெண்ணெயும் கலக்கிக் கொடுத்தார்கள். குடித்தது அப்படியே வெளியே வந்தது. நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வலி நின்றது.

அதை எப்படிச் சொல்வது? மெஷின் நின்றது மாதிரி நின்றது. முகம் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்து, "அட, போயிருச்சே" என்றார். அத்தை கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். பெரியவருக்கு வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு. உன் அப்பா சுவரைப் பிடித்தபடி ஷெட் வரைக்கும் போய், வாசலில் நின்று மெஷின்களைப் பார்த்துவிட்டு வந்தார். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, வேர்த்திருந்தது. நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. வாளியில் இருந்த வாந்தி பழுப்பாக இருந்தது. வயிறு இறங்கவில்லை, அப்படியே உப்பி இருந்தது. வலி மட்டும்தான் போயிருந்தது.

கண்ணு, எனக்குத் தெரிந்திருந்தது. நூலகத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். அடைத்துக்கொண்ட குடலில் திடீரென்று வலி நின்றால் அது குணமானதாக இல்லாமல், குடல் செத்துக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். அந்த வரி அப்படியே நினைவுக்கு வந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால், நல்ல நேரத்தில் அபசகுனம் பேசுகிறாள், புத்தகம் படித்த திமிர் என்பார்கள். ஒருவேளை நான் தப்பாகப் படித்திருந்தால்? சுடலை மாமா மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "அக்கா, எனக்கென்னமோ அண்ணாச்சி மொகம் சரியாத் தெரியல. வண்டிய எடுக்கட்டா?" நான் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தேன். "இருங்க, பாப்போம்" என்றேன்.

நாலு மணிக்கு விழுந்தார். கோயமுத்தூர் போய்ச் சேரும்போது நினைவு இல்லை. வயிற்றைத் திறந்தார்கள். வெளியே வந்த பெண் மருத்துவர் என்னை உட்காரவைத்து, பக்கத்தில் தொங்கிய குளுக்கோஸ் குழாயை எடுத்துத் தன் சுண்டுவிரலை அதைச் சுற்றிக் கொக்கி மாதிரி மாட்டிக் காட்டினார். "முன்னாடி எப்பவோ குடல்வால் வீங்கி, ஆறும்போது அதோட நுனி பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. அது ஒரு வளையம் ஆயிடுச்சு. சிறுகுடல் அதுக்குள்ள நுழைஞ்சு மாட்டிக்கிச்சு. ரொம்ப அபூர்வம்ங்க இது. ஆபரேஷன் பண்ணின வயிறு, குடலிறக்கம் இருக்கிற வயிறுன்னா அடைப்பு இருக்கும்னு உடனே தோணும். ரெண்டும் இல்லாதவங்களுக்கு யாருக்குமே சீக்கிரம் தோணாது." குழாயை இழுத்தார், விரல் இறுகியது, குழாயில் சொட்டு நின்றது. "மாட்டின பகுதி முழுக்கக் கறுத்துப்போச்சு. வெட்டி எடுத்திருக்கோம். விஷம் ரத்தத்துல கலந்திருக்கு." நேற்றே வந்திருந்தால் என்று நான் கேட்டேன். அவர் குழாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்" என்றார். அவர் இரக்கமுள்ளவர். பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை இதயம் நின்றுவிட்டது என்று வந்து சொன்னார்கள். இதயம் நின்றது என்ற அந்தச் சொல்லை அத்தை பிடித்துக்கொண்டார். வீட்டு வாசலில் கேட்டவர்களுக்கெல்லாம், "அட்டாக்குங்க, ஆஸ்பத்திரியில வெச்சு அட்டாக் வந்துருச்சுங்க" என்றார். என்னைப் பார்த்தார். இன்னொரு பார்வை. வேண்டாம், சொல்லிவிடாதே என்று கெஞ்சிய பார்வை. தன் தம்பியின் வயிற்றில் கைவைக்க ஆள் கூட்டிவந்தவர் தான் என்று ஊர் சொன்னால் அவர் உயிரோடு இருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை நாள் என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அவர் கதை வெளியே வந்தால் என் "இல்லீங்க"வும் வெளியே வரும், என் "இருங்க, பாப்போம்" வெளியே வரும். இனி மறைக்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. அத்தைக்கு நானே படித்துக் காட்டுகிறேன். அவர் செய்தது அன்பினால் செய்த தவறு. நான் செய்தது தெரிந்தே செய்தது.

இது பரம்பரையாக வருவது இல்லை. உன்னைப் பயமுறுத்த அதை நான் சொல்ல மாட்டேன். உனக்கு வந்து ஆறிய வீக்கம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் அப்படியே ஆறியும் போயிருக்கலாம். பெரும்பாலோருக்கு அப்படித்தான். ஆனால் உன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்தது ஒன்றுதான், விளக்கு எரிகிறது. நீ ஆறு மாத்திரை போட்டு அதைக் கட்டிப்போட்டிருக்கிறாய். நீ போகிற இடத்தில் தொழிற்சாலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று நீ கேட்டாயா? நான் கேட்டேன். உனக்குத் தெரியாமல் உன் மேனேஜருக்குப் போன் செய்தேன், மன்னித்துக்கொள். ஆறு மணி நேரம் என்றார். ஆகவே விமானம் எட்டு நாளில் போகட்டும், அல்லது நீ இல்லாமல் போகட்டும். ஸ்கேன் எடுக்காமல், உண்மையைச் சொல்லி ஓர் அறுவை நிபுணரிடம் காட்டாமல் உன்னை நான் அனுப்ப மாட்டேன். படிவத்தில் அந்த இரண்டு இடத்தையும் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். நான் திருத்தவில்லை. நீதான் எழுத வேண்டும்.

இன்னும் நிறைய எழுத நினைத்திருந்தேன். நாளை உனக்கு ஒருத்தி வருவாள். டாக்டர் முன்னால் அவளைப் பார்வையால் அடக்காதே, அவள் பேசட்டும் என்று சொல்ல இருந்தேன். தாங்கிக்கொள்வதை ஆண்மை என்று உனக்குச் சொல்லித்தந்தவர்களில் நானும் ஒருத்தி, அதைப் பற்றியும் எழுத இருந்தேன்.

நேரமில்லை. இப்போதுதான் நீ போன் செய்தாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, திட்டாதீங்க. நாலு நாளா லேசா வலிச்சுதுங்க, நேத்துல இருந்து வயிறு முறுக்கி முறுக்கி வலிச்சுட்டு இருந்துச்சுங்க. ரெண்டு தடவை வாந்தி. உங்ககிட்ட சொன்னாப் பயந்துக்குவீங்கன்னு சொல்லல. இப்பச் சுத்தமா நின்னுபோச்சுங்கம்மா. அதான் போன் பண்ணுனேன். சூட்கேஸு நீலம் எடுக்கட்டுங்களா, கருப்புங்களா?"

கடிகாரத்தில் மணி பன்னிரண்டேகால்.

எந்தக் கடை என்று மட்டும் கேட்டேன். அங்கேயே உட்கார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதே, போனை நண்பனிடம் கொடு என்றேன். "அம்மா, அதான் வலி போயிருச்சே" என்று சிரித்தாய். உன் அப்பாவின் சிரிப்பு. சுடலை மாமாவைக் கூப்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை அவர், "வண்டிய எடுத்துட்டு வாரேன் அக்கா" என்றார். அவர் வெளியே வண்டியைத் திருப்புகிற இந்த இரண்டு நிமிடத்தில் இதை முடிக்கிறேன். உன் பழைய மருந்துச்சீட்டும், மாத்திரை அட்டையும் என் பையில் இருக்கின்றன, இந்தக் காகிதமும் அதோடு வரும். நீ கோபப்படு, கத்து, கடைக்காரர் முன்னால் என்னை அவமானப்படுத்து, பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னைக் கேட்பார், நீ என்னைப் பார்ப்பாய். பார்க்காதே. இந்த மாதிரி வலி இதற்கு முன் வந்திருக்கிறதா என்று அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன்.

ஆமாங்க.